பதிவு அலுவலக வாசலில் ஒரு தெரிஞ்சவர்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குள் போகிற எல்லாக் காகிதங்களின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வாக்கியம் உண்டு. "இவரை நான் நேரில் அறிவேன். இவர் சுயநினைவுடனும் சுயவிருப்பத்துடனும் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்." அதற்குக் கீழே இரண்டு கோடுகள். விற்க வீடு கிடைத்துவிடும், வாங்க ஆள் கிடைத்துவிடும். ஆனால் நம்மை நேரில் அறிந்த இரண்டு பேர் ஒரு வேலைநாள் முற்பகலில் சும்மா கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தக் குறையில் பிழைப்பு நடத்துகிறவர்தான் தெரிஞ்சவர்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. ஊரில் பாதிப் பத்திரங்களில் அந்தப் பெயர் இருக்கிறது, ஒருவர் வாயிலும் இல்லை. உள்ளேயிருந்து பெரிய கிளார்க், "தெரிஞ்சவரைக் கூப்பிடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். வாசலில் மடக்கு மேசை போட்டுப் பேனா, கவர், பசை, கட்டைவிரல் துடைக்கத் துணி எல்லாம் வைத்திருக்கும் மனிதர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார். மெலிந்த ஆள். காது மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவு. இந்தத் தொழிலுக்கு அது போதும்.

முதலில் அவர் வெறும் பேனா விற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் யாரோ ஒருவருக்கு வர வேண்டிய சாட்சி வரவில்லை. பெரிய கிளார்க் ஜன்னல் வழியே கையை நீட்டி, "யோவ், நீ வந்து போடுய்யா" என்றிருக்கிறார். இவர் உள்ளே போய், யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வாக்கியத்தைப் படித்தார்.

"சார், எனக்கு இவரைத் தெரியாதே."

"தெரிஞ்சுக்கோயேன். யார் வேணாம்னா?"

பெரிய கிளார்க் எரிச்சலில் சொன்னது அது. இவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அந்த ஆளை வெளியே கூட்டிவந்து, எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "கடைசியா யாரோட சண்டை போட்டீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னார். இவர் கேட்டு முடித்து உள்ளே வந்து, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். அன்று தொடங்கிய பழக்கம். டீயும் அதே, கேள்வியும் அதே. இப்போது கையெழுத்துக் கூலியோடு டீக்கான காசையும் வந்தவர் கொடுத்துவிட வேண்டும்.

ஏன் சண்டை என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நல்ல குணத்தைப் பத்திக் கேட்டா எல்லாரும் ஒரே ஆளு சார். இரக்கம் உண்டு, கடவுள் பயம் உண்டு, அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்பட மாட்டாங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் வித்தியாசமே தெரியாது. சண்டைன்னு கேட்டுப் பாருங்க, ஆளாளுக்கு வேற. அப்பத்தான் முகம் தெரியும்."

நானும் ஒரு வாடகை ஒப்பந்தத்துக்காக அந்தக் கேள்விக்கு உட்பட்டவன்தான். தம்பியோடு சண்டை, யார் முதலில் போன் செய்வது என்பதில், என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். "சரி, உங்களைத் தெரிஞ்சுபோச்சு" என்று கையெழுத்துப் போட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

எல்லோருக்கும் போட்டுவிடுகிறவரும் இல்லை. ஒருமுறை காரில் வந்து இறங்கிய பெரிய மனிதர் ஒருவர், "எனக்கு யாரோடயும் சண்டை கிடையாது. இதுவரைக்கும் யார்கிட்டயும் குரல் உயர்த்திப் பேசினதில்லை" என்றார். தெரிஞ்சவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படின்னா மன்னிக்கணும். உங்களை எனக்குத் தெரியல." பெரிய மனிதர் குரலை உயர்த்தினார். மூக்கு சிவந்து, இவர் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் விசாரித்தார். தெரிஞ்சவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பத் தெரியுது. பேனா குடுங்க" என்றார்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் பெரிய கிளார்க். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது அவருக்கு. இந்த நாட்டில் பண்பு செத்துவிட்டது என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் தெரிஞ்சவர்தான்.

"நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல சாட்சிக்கு ஆள் தேடினதே இல்ல சார். தெருவுல போறவனைக் கூப்பிட்டா வருவான். சைக்கிளை நிறுத்திட்டு வந்து போட்டுட்டுப் போவான். காசு வாங்க மாட்டான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். இன்னைக்குக் கூப்பிட்டுப் பாருங்க. செல்போனைக் காதுல வச்சுக்கிட்டு ஓடுவான். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் சாட்சி சொல்றதுகூடக் கூலி வேலையாப் போச்சு. நாடு எங்க சார் போய்க்கிட்டிருக்கு?"

"அந்த சைக்கிள்காரருக்கு அவரைத் தெரியுமா?"

"யாரை?"

"கையெழுத்துப் போட்ட ஆளை."

"தெரியாது. அதுதான் சார் பண்பு! தெரியாதவனுக்கும் போட்டான் பாருங்க."

"நேரில் அறிவேன்னு எழுதியிருக்குமே."

பெரிய கிளார்க் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பொய்தான். நல்ல பொய். இப்பவெல்லாம் அந்த மாதிரிப் பொய் சொல்ல யாருக்கு மனசு வருது?"

இதை அப்படியே தெரிஞ்சவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லவங்கதான் சார் அவங்க. என்ன, சைக்கிளை நிறுத்தினவங்க ஒரு டீ குடிச்சிருக்கலாம்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்கியது. ஒரு தலைமுறை, காசு வாங்காமல், முன்பின் தெரியாதவனுக்காக, சிரித்த முகத்தோடு பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது. அடுத்த தலைமுறையில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு உண்மைச்சாட்சி சொல்கிறார். இதில் எது பண்பு, எது வீழ்ச்சி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பெரிய கிளார்க்கின் நாடும் தெரிஞ்சவரின் நாடும் ஒரே கட்டடத்தின் உள்ளும் வெளியுமாக இருந்தன. நடுவில் கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

தெரிஞ்சவரின் மனைவி மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் சலவை செய்யும் பகுதியில் வேலை பார்க்கிறவர். மதியப் பணிக்குப் போகும் வழியில் கணவருக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். மேசை மேல் டப்பாவை வைக்கும்போது கூடவே ஒரு வார்த்தையையும் வைப்பார்.

"ஊர்ல எல்லார் சண்டையும் இவருக்குத் தெரியும் சார். எங்க வீட்டுல தினம் நடக்கிற சண்டை எதுக்குன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு."

"எதுக்கு?" என்றார் இவர்.

"பாத்தீங்களா?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு சம்மன் வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். தனியாக வாழ்ந்த ஒரு வயதான அம்மாள், தெருவைப் பார்த்த தன் முன்னறையையும் அதன் பின்னாலிருந்த சமையல் பகுதியையும், அதில் வாடகைக்குத் தையல் கடை வைத்திருந்த பெண்ணுக்கே தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். தையற்காரப் பெண்ணுக்கு அவர் உறவில்லை. கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்தவள், அவ்வளவுதான். அம்மாள் இறந்துபோனார். அவருடைய அண்ணன் மகன், பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர், வழக்குப் போட்டார். அத்தைக்குக் கடைசியில் நினைவு தப்பியிருந்தது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டார், ஆகவே பத்திரம் செல்லாது என்பது வழக்கு. சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் வேலை மாறி எங்கோ போய்விட்டார். மிச்சம் தெரிஞ்சவர். அந்த அம்மாள் தெளிவாக இருந்தார் என்று இவர் வாயால் நிரூபிக்கப்பட்டால் தையற்காரப் பெண்ணுக்கு வீடும் கடையும் உண்டு. இல்லாவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

சம்மனை முதலில் படித்தவர் பெரிய கிளார்க்.

"கூண்டுல ஏறினதும் வக்கீல் என்ன கேப்பான் தெரியுமா? இந்த அம்மாவை எவ்வளவு நாளாத் தெரியும்னு கேப்பான். பல வருஷமாத் தெரியும், குடும்பத்துக்கே வேண்டியவங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"பொய்யில்ல சார் அது?"

"பொய்தான்யா. ஒரு பொம்பளை நடுத்தெருவுக்கு வராம இருக்கறதுக்காகச் சொல்ற பொய். அந்தக் காலத்துல..."

"சைக்கிளை நிறுத்திட்டு வந்து சொல்லுவாங்க. தெரியும் சார்."

மனைவிக்கு வேறு பயம். "நீங்க பாட்டுக்கு ஒரு டீ குடிச்சேன்னு ஆரம்பிச்சீங்கன்னு வைங்க, நாளைக்கு உங்களை எவன் சாட்சிக்குக் கூப்பிடுவான்? கடையை மூட வேண்டியதுதான்." ஆக, உண்மை சொன்னால் பிழைப்பு போகும். பொய் சொன்னால், இத்தனை வருஷம் டீ குடித்ததற்கு அர்த்தம் போகும். தெரிஞ்சவர் பேனாக்களை மூடி திறந்து எழுதுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு நாளன்று நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வேடிக்கைதான். பண்பைக் காப்பாற்ற விடுப்பு எடுத்துக்கொண்டு பெரிய கிளார்க்கும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்வரிசையில் தையற்காரப் பெண். நாற்பதைத் தாண்டியவள். கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். இந்தப் பக்கம் அண்ணன் மகன், தலையைக் குனிந்தபடி.

அவருடைய வக்கீல் எழுந்தார். நல்ல கனத்த குரல்.

"இறந்துபோன அம்மாவை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"நாள் கணக்கு இல்லைங்க. ஒரு டீ குடிக்கிற நேரம்."

கூடம் சிரித்தது. பெரிய கிளார்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு டீ! சூடா இருந்துச்சா, ஆறிப்போச்சா?"

"சூடுதாங்க. ஊதி ஊதிக் குடிச்சாங்க. அதனால கொஞ்சம் கூடுதல் நேரம்."

"அப்போ 'நேரில் அறிவேன்'னு நீங்க போட்ட கையெழுத்து பொய். ஒத்துக்கிறீங்களா?"

"இல்லைங்க. டீக்கு முன்னாடி போட்டிருந்தா பொய். நான் குடிச்சு முடிச்ச பிறகுதான் போட்டேன்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "அந்த நேரத்துல அவங்களைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

தெரிஞ்சவர் தம் கேள்வியைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த அம்மாள் சொன்ன பதிலைச் சொன்னார்.

"பக்கத்து வீட்டம்மாவோட சண்டைன்னாங்க. ரெண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே குழாய். பேச்சு நின்னுபோச்சு, ஆனா தண்ணி பிடிக்காம இருக்க முடியுமா? அதனால இவங்க குழாயடிக்குப் போறப்ப பூனையைத் தூக்கிட்டுப் போவாங்களாம். 'ஏ பூனை, சில பேரு வாளியைக் கொஞ்சம் நகத்தினா நல்லா இருக்கும்'னு பூனைகிட்டச் சொல்லுவாங்க. அந்தம்மாவும் பூனைகிட்டயே பதில் சொல்லும். 'பூனை, நான் வந்து எவ்வளவு நேரமாச்சுன்னு சில பேருக்குத் தெரியல போலிருக்கு.' ரொம்ப நாளா இப்படியே போயிருக்கு. இப்பப் பூனைக்கு வயசாயிடுச்சு. அது போய்ட்டா நாங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கறதுன்னுதான் அவங்களுக்குக் கவலை."

நீதிபதி சிரித்தே விட்டார். டவாலி போட்ட நீதிமன்றச் சேவகர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நீதிபதி, "நினைவு தப்பினவங்க பேசற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டு எதையோ எழுதக் குனிந்தார். பெரிய கிளார்க் என் தொடையில் தட்டினார். வழக்கு முடிந்த மாதிரிதான். தையற்காரப் பெண்ணின் வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அப்போது தையற்காரப் பெண் எழுந்தாள்.

"ஐயா, அது அவங்க இல்லைங்க."

"என்னம்மா?"

"இவரு சொல்றது வேற யாரோ. அவங்களுக்குப் பூனைன்னாலே ஆகாது. துணியெல்லாம் முடியாக்கிடும்னு கடை வாசல்லயே விட மாட்டாங்க. பின்பக்கம் குழாயும் கிடையாது."

அவள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "உக்காருங்கம்மா. உங்க பக்கந்தான் பேசறாரு."

"என் பக்கம் பேசட்டும் சார். அதுக்குன்னு இன்னொருத்தவங்க கதையைத் தூக்கி அவங்க மேல போடலாமா? அவங்க செத்துப்போய்ட்டாங்க. நான் இப்படி இல்லடான்னு எழுந்து வந்தா சொல்ல முடியும்?"

பூனைக் கதையை மறுக்க அந்தக் கூடத்தில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. அண்ணன் மகன் பல வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீடு அவளுடையது. நேர்மையை அளக்கப் புறப்படுகிறவர்கள் வழக்கமாகத் தியாகத்தைத் தேடுகிறார்கள். நான் அன்று அவள் முகத்தில் பார்த்தது சுத்தமான எரிச்சல். அளவு தப்பாக வெட்டிக் கொண்டுவந்த துணியைப் பார்த்தால் வருகிற எரிச்சல்.

கூண்டில் நின்ற தெரிஞ்சவர் தையற்காரப் பெண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தப் பூனை யாரோடது?"

அண்ணன் மகனின் வக்கீல் இதற்காகவே காத்திருந்த மாதிரி முன்னால் வந்தார். "ஐயா, சாட்சி சொன்னது அத்தனையும் பொய்னு எதிர்த்தரப்பே..."

நீதிபதி கையைக் காட்டினார். "இருங்க." தையற்காரப் பெண்ணைக் கூண்டுக்கு வரச் சொன்னார். "அன்னைக்கு நீங்களும் கூட இருந்தீங்களா?"

"பக்கத்துலயேதான் இருந்தேன் ஐயா."

"அப்போ அவங்க என்னதான் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. இவரு கேட்டாரு, கடைசியா யாரோட சண்டைன்னு. அவங்க, 'முதல்ல நீ சொல்லு'ன்னாங்க. இவரு பொண்டாட்டியோடன்னாரு. எதுக்குன்னாங்க. இவரு முழிச்சாரு. விடுவாங்களா? எங்க பொறந்தே, என்ன படிச்சே, இந்தக் காது யார் வீட்டுக் காதுன்னு எல்லாம் கேட்டாங்க. டீ முடியற வரைக்கும் கேள்வி அவங்கதான் கேட்டாங்க. நான்கூட, நேரமாச்சும்மான்னு இழுத்தேன். 'என் வீட்டுக்குச் சாட்சி போடற ஆளு யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமாடீ'ன்னாங்க."

நாற்காலி உரசும் சத்தம். அண்ணன் மகன் எழுந்து நின்றிருந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

"அதுதாங்க எங்க அத்தை! இவரு பூனை கீனைன்னு சொல்றப்பவே எனக்கு ஒட்டல. என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப, தலைமை ஆசிரியரையே 'நீங்க எந்த வகுப்புல பெயிலானீங்க'ன்னு கேட்டவங்க! அவரு பயந்துபோய் உண்மையைச் சொல்லிட்டாரு. யாரையும் விசாரிக்காம விட மாட்டாங்க. கடைசி வரைக்கும் அப்படித்தான்!"

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பலனில்லை.

"கடைசி வரைக்குமா?" என்றார் நீதிபதி.

"கடைசி வரைக்கும் ஐயா! யாராவது அவங்களை ஏமாத்திட முடியுமா?"

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டார். நீதிபதி நிதானமாக எழுதி முடித்துவிட்டு, உணவு இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்தார்.

வெளியே நீள நடைபாதையில் பெரிய கிளார்க் குழம்பிப்போய் நின்றார். சாட்சி உளறியதைக் கண்டு, நாடு போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தையற்காரப் பெண் நினைவுக்கு வந்தாள். "இப்படியும் ஒருத்தி இருப்பாளா? அந்தக் காலத்துலகூட..." என்று தொடங்கியவர், வாக்கியம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, முடிக்காமல் விட்டுவிட்டார்.

தெரிஞ்சவர் ஒரு தூணில் சாய்ந்து கொண்டிருந்தார். "எத்தனை பேர் கதையை எத்தனை பேர் மேல போட்டு வச்சிருக்கேனோ சார். எல்லாரையும் தெரியும்னு நினைச்சேன். எல்லாம் உள்ள போய் ஒண்ணாக் கலந்து கிடக்கு போல." நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் கவனிக்கவில்லை. "இவங்க கதை ஏன் ஞாபகம் இல்லன்னு இப்பத்தான் புரியுது. பேசினதெல்லாம் நான்தானே."

கொஞ்சம் தள்ளி வக்கீல் தன் கட்சிக்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லையாம். ஏதோ உணர்ச்சியில் சொன்னது என்று மனுப் போடலாமாம். 'கடைசி வரைக்கும்' என்றால் நோய் வருவதற்கு முந்தைய கடைசி என்று விளக்கம் கொடுக்கலாமாம். அண்ணன் மகன் கேட்பது போல நின்றார். ஆனால் பார்வை முழுவதும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த தையற்காரப் பெண் மேல். சற்று நேரம் பார்த்துவிட்டு, வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்து அவளிடம் வந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அவள் அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினாள்.

"இவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போற வழியில என்கிட்டச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"நல்லதா சொல்லலைங்க."

"பரவாயில்ல. சொல்லுங்க."

"'அந்தக் காதுக்காரன் விடாம கேட்டிருந்தா என் அண்ணன் மகனைத்தான் சொல்லியிருப்பேன். அவனோட ஒரு பெரிய சண்டை பாக்கி இருக்கு. என்ன பண்றது, சண்டை போடறதுக்காவது அவன் வரணுமே'ன்னாங்க."

அண்ணன் மகன் அவள் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்து வக்கீலிடம் போனார்.

"மனுவெல்லாம் வேணாம் சார். கடைசி வரைக்கும்னா கடைசி வரைக்கும்தான்."

"வீடு போயிடும்."

"அதுக்காக அவங்களைப் பைத்தியம்னு எழுதித் தரவா? அந்தப் பொண்ணு எழுந்து நின்னுச்சே, பாத்தீங்கள்ல."

மதியம் நீதிமன்றம் கூடியதும் வக்கீல், நினைவு தப்பியிருந்தது என்ற வாதத்தைத் தம் கட்சிக்காரர் கைவிடுகிறார் என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். வழக்கே அந்த ஒரு வாதத்தில்தான் நின்றது. பத்திரம் செல்லும் என்று நீதிபதி சுருக்கமாக முடித்தார். பிறகு தெரிஞ்சவரைப் பார்த்து, "நீங்க இனிமே சாட்சிக்குப் போறப்ப ஒரு டீயோட நிறுத்தாதீங்க" என்றார். கண்டனமா, யோசனையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. தெரிஞ்சவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார் என்பது அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டதில் தெரிந்தது. கூடுதல் டீக்கு யார் காசு என்பதாக இருக்கும்.

வாசல் படியில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டியதாயிற்று. ஜெயித்தவளும் தோற்றவரும் ஒரே பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டும். அண்ணன் மகன் இரண்டு படி இறங்கி நின்றார்.

"அந்த அறையை ஒரு தடவை பாக்கலாமா? சும்மாத்தான். சின்ன வயசுல அங்கதான் தூங்குவேன்."

தையற்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். யாரிடமிருந்து கற்றுக்கொண்ட பார்வையோ.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க? வீட்டுல யார் யாரு? இத்தனை வருஷம் ஏன் வரல?"

அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் திக்கினார். அவள் காத்திருந்தாள். பேருந்து ஒன்று வந்து, நின்று, போய்விட்டது.

"சரி வாங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்க" என்றாள். "ஆனா செருப்பை வெளியிலயே விட்டுடணும். கீழெல்லாம் துணி கிடக்கும்."